பாலாற்றைப் பிடித்துக்கொண்டு பரங்கிப்பேட்டை வரை

வியாழன்: ஆற்காடு, திருமுக்கூடல், வாயலூர்

வேலூரில் மீன் என்றால் இரண்டு வகை. ஒன்று ஏரி மீன்: கெண்டை, விரால், ஜிலேபி, காவேரிப்பாக்கம் பக்கத்துக் கட்லா. இன்னொன்று ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் வந்து விடியற்காலை மார்க்கெட்டில் இறங்கும் கடல் மீன். ஐஸில் வருவதால் நமக்குக் கிடைக்கும் கடல் மீனே ஒரு தினுசுதான். வஞ்சிரம், பாரை, சங்கரா போன்ற சதை கெட்டியான மீன்கள் பயணத்தைத் தாங்கும். காரப்பொடி, கிழங்கான் மாதிரி சின்ன மீன்கள் வழியிலேயே வயிறு உடைந்துவிடும், அதை எந்த வியாபாரி ஏற்றுவார்? அதனால்தான் கடல் மீன் என்றாலே வஞ்சிரம் துண்டு என்று நம் ஊர் பழகிக்கிடக்கிறது. அந்த மீன் இறங்கும் கரைக்கே போய், அங்கே இருப்பவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கூடவே இன்னொன்றும் உண்டு. வட ஆற்காட்டு வரலாற்றை எங்கே புரட்டினாலும் கடற்கரை ஊர் ஒன்று குறுக்கே வந்துவிடும். ஆற்காட்டு நவாபுகளின் சண்டையைப் படித்தால் புதுச்சேரி வரும். வந்தவாசிப் போரைப் படித்தால் கடலூர் வரும். கோட்டை அகழி ஓரத்தில் வளர்ந்த எனக்கு, இந்த ஊர்களை எல்லாம் ஒரே கதையாக, வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

சித்தப்பாவும் வருகிறேன் என்றார். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். எந்த வழியாகப் போகலாம் என்று மேப்பைத் திறந்தேன். "ஆத்தைப் புடிச்சிக்கிட்டே போனா கடல் வந்துடும்மா, அது எதுக்கு?" என்றார். சரி, ஆறே வழி என்று முடிவாயிற்று.

முதல் நிறுத்தம் ஆற்காடு, டெல்லி கேட். 1749இல் ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டார். எதிரே நின்றது ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்கும், அவர்களோடு புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படையும். இரண்டு வருஷம் கழித்து, 1751இல், ராபர்ட் கிளைவ் மெட்ராஸிலிருந்து சுமார் ஐந்நூறு பேரோடு வந்து ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். இந்தப் பக்கமும் கடற்கரைப் படை, அந்தப் பக்கமும் கடற்கரைப் படை. அடிபட்டது பாலாற்றங்கரை. பழைய கோட்டையில் இன்று சொல்லிக்கொள்ளும்படி நிற்பது இந்த வாசல்தான்.

அணைக்கட்டில் சித்தப்பா இறங்கி, மதகு மதகாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். 1858இல் கட்டியது. இங்கிருந்து கால்வாய் பிரிந்துதான் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி போன்ற ஏரிகளுக்குத் தண்ணீர் போகிறது. ஆக நம் ஏரி மீனும் பாலாற்று மீன்தான். ஆனால் ஆறு இருக்கிற கோலம் வயிற்றைப் பிசைகிறது. மணலை அள்ளிய பள்ளங்கள், கருவேலம் புதர்கள். தோல் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவர்களே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது, ஆறு மட்டும் தேறவில்லை. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது பாலங்களில் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தோம். ஆற்றில் தண்ணீர் ஓடுவதே எங்களுக்கு வேடிக்கை பார்க்கும் விஷயம் ஆகிவிட்டது.

காஞ்சிபுரம் தாண்டி திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் வந்து சேர்கின்றன. அங்கே பெருமாள் கோயில் கல்வெட்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் பதினைந்து படுக்கையோடு ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்று நடந்த விவரம் இருக்கிறது. மருந்துகளின் பெயர்கள் கூட வரிசையாக உண்டு. நேரம் வைத்துக்கொண்டு போக வேண்டிய இடம். எங்களுக்கு அரை மணி நேரம்தான் கிடைத்தது.

வாயலூரை அடைந்தபோது மணி ஐந்து. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் நின்றால் பாலாறு அகன்று கிடக்கிறது. கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்கத் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், அதற்கு மேல்பக்கம் நல்ல தண்ணீர் தேங்கி நிற்கிறது. நந்தி மலையில் புறப்பட்டு 348 கிலோமீட்டர் வந்த ஆறு, முகத்துவாரத்தில் மணல் மேட்டோடு மல்லுக்கு நிற்கிறது. ஒருவர் வீச்சு வலையோடு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். ஏழெட்டு மடவை சிக்கியிருந்தன. "எந்த ஊருண்ணா நீங்க?" என்று சித்தப்பாவைக் கேட்டார். வேலூர் என்றதும், "அப்போ உங்க ஊர்த் தண்ணிதான் இது" என்று சிரித்தார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் அவர் தோளில் கை வைத்தார்.

இரவு புதுப்பட்டினத்தில் ஒரு சின்ன மெஸ். மடவைக் குழம்பு இருந்தது. ஆறும் கடலும் கலக்கிற இடத்து மீன், கொழுப்பு அதிகம், புளி கொஞ்சம் தூக்கலாக வைத்தால்தான் எடுபடும். வைத்திருந்தார்கள்.

வெள்ளி: சதுரங்கப்பட்டினம்

காலையில் முதலில் வாயலூர்க் கோயில். அங்கே தூணில் ராஜசிம்மன் காலத்துக் கல்வெட்டு, பல்லவ அரசர்களின் நீண்ட பெயர் வரிசை. மாமல்லபுரம் வடக்கே பக்கத்தில்தான். ஆனால் எல்லோரும் பார்த்த ஊர், இந்தத் தடவை விட்டுவிட்டோம்.

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குக் கல்பாக்கம் நகரியத்தை ஒட்டியே வழி. வாசலில் பீரங்கிகள், உள்ளே செங்கல் சுவர்கள், கிடங்குகள், நடுவே புல்வெளி. கூட்டமே இல்லை. கோட்டைக்குள்ளேயே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். காவலர் திறந்துவிட்டார்.

அந்தக் கல்லறைக் கற்களைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கும் கருங்கல் பலகைகள். மேலே குலச்சின்னம், சுற்றிலும் இலையும் பூவுமாய் வேலைப்பாடு, கீழே டச்சு மொழியில் பெயரும் வருஷமும். குனிந்து பார்த்தால், ஒவ்வொரு எழுத்தும் பள்ளமாக வெட்டாமல், சுற்றியுள்ள கல்லைக் குறைத்து மேடாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு எழுத்து தவறினால் முழுப் பலகையும் வீண். விரலை வைத்தால் ஓரங்கள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. உப்புக் காற்றில் செங்கல் சுவர் பொரிந்து உதிர்கிறது, இந்தக் கல் அசையவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் துணி வாங்கவும் விற்கவும் வந்து, ஊர் திரும்பாமல் போனவர்கள். மல்லிகைக்கும் மீனுக்கும் நடுவில் செத்துப்போனார்கள் என்று சித்தப்பா சொன்னார்.

டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் வலுவாகக் கால் ஊன்றியது பழவேற்காட்டில். 1610இல் அதற்கு அனுமதி கொடுத்தவர் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயர். அவர் வேலூரையும் சந்திரகிரியையும் தலைநகராகக் கொண்டு ஆண்டவர். கடலோரத்தில் கடை போட நினைத்த ஐரோப்பியர்கள் உள்நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துதான் கேட்க வேண்டியிருந்தது. வேலூர்க் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. திப்பு மகன்கள் இருந்த மகாலைக் காட்டுவார்கள், 1806 சிப்பாய்ப் புரட்சியைச் சொல்வார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள்.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் நெருக்கம். பதினான்காம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்துக்கு ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர். ராஜநாராயணன், படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராய அரசன். படைவீடு பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், போளூர்ப் பக்கம். 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது புது மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் என்றே பெயர் வைத்தார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்து அரசன் ஒருவன் பெயர் கடற்கரையில் ஒரு துறைமுகத்துக்கு இருந்திருக்கிறது என்றால், அந்த நாளில் எவ்வளவு சரக்கு இந்த வழியாகப் போயிருக்க வேண்டும்!

1782 பிப்ரவரி 17ஆம் தேதி இந்தக் கரைக்கு எதிரேதான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் கப்பல் சண்டை போட்டார்கள். குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் சித்தப்பா இதைச் சொன்னார். அவர் கையை நிறுத்தி, கடலைப் பார்த்து, "இங்கியா?" என்று கேட்டார்.

மதியம் வேறொரு மெஸ்ஸில் சாப்பாடு. உள்ளே நுழைந்ததும் "வஞ்சிரம் இருக்கு" என்றார்கள். காலையில் என்ன வந்தது என்று கேட்டோம். காரப்பொடி, கிழங்கான். இரண்டையும் வாங்கினோம். காரப்பொடியை முள்ளோடு அப்படியே மென்று சாப்பிடலாம். கிழங்கானுக்கு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு போதும், சதை வெண்மையாய் உரிந்து வருகிறது. என் அபிப்பிராயம் இது: கடற்கரைக்கு வந்து வஞ்சிரம் கேட்பது ஊர்ப் பழக்கத்தை மூட்டை கட்டி எடுத்து வருவதுதான். விலை குறைந்த மீன்தான் அன்றைக்குக் காலையில் வந்த மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கேளுங்கள்.

சனி: ஆலம்பறை

நான்கு நாளில் மனதுக்கு ரொம்பவும் நெருங்கிய நாள் இது. கடப்பாக்கத்தில் திரும்பி உள்ளே போனால் ஆலம்பறைக் கோட்டை. ஒரு பக்கம் உப்பங்கழி, அதைத் தாண்டி மணல் திட்டு, அப்புறம் கடல். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன, சில இடங்களில் கற்குவியல். 2004 சுனாமியிலும் சேதம்.

இது முகலாயர் காலத்துக் கோட்டை, ஆற்காட்டு நவாபுகளின் துறைமுகம். இங்கே நாணயச் சாலை இருந்தது. ஆற்காடு ரூபாய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், மெட்ராஸில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் கூட அந்தப் பெயரில்தான் ரூபாய் அடித்தார்கள். சரக்கு வாங்க வரும் எந்தக் கம்பெனிக்கும் இந்த ஊர் நெசவாளி ஒத்துக்கொள்ளும் காசு வேண்டும், அதை அடிக்கும் உரிமை நவாப் தந்தால்தான் உண்டு. 1736இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் நவாப் தோஸ்த் அலியிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றார்கள். 1750இல் முசாபர் ஜங் இந்தக் கோட்டையையே புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்துவிட்டார். ஆம்பூரில் செய்த உதவிக்குக் கடனடைப்பு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் பத்தே வருஷம். 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் என்பவரிடம் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே வருஷம் ஆங்கிலேயர் ஆலம்பறையைப் பிடித்து உடைத்துப் போட்டார்கள்.

வந்தவாசியில் இருக்கிறவர்களுக்குத் தெரியுமா, அவர்கள் ஊரில் நடந்த சண்டையால் இடிந்த சுவர் இங்கே உப்பங்கழி ஓரத்தில் கிடக்கிறது என்று? ஒரு செங்கல்லைப் பிடித்துப் பார்த்தேன். சின்னது, தட்டையானது, இன்றைய செங்கல்லில் பாதி கனம் கூட இருக்காது. இடையில் பூசிய சுண்ணாம்பில் கிளிஞ்சல் துணுக்குகள் பளிச்சென்று தெரிகின்றன.

சாப்பாடு கோட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தில், ஒரு வீட்டில். முன்னாலேயே சொல்லிவிட்டால் சமைத்துத் தருகிறார்கள். மாசி அமாவாசை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க. பௌர்ணமி நண்டுல ஓடுதான் இருக்கும், அமாவாசை நண்டுதான் கனக்கும்" என்றார் அந்த அக்கா. கழி நண்டு, கொடுக்கைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். ஒன்றை எடுத்து என் கையில் வைத்துக் கனம் பார்க்கச் சொன்னார்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மேல் ஓட்டைப் பெயர்த்து, சாம்பல் நிறச் செவுளைப் பிய்த்து எறிந்துவிட்டு, உடம்பை இரண்டாக வெட்டினார். ஓட்டுக்குள் ஒட்டியிருந்த மஞ்சள் கொழுப்பை விரலால் வழித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தார், அது கடைசியில் குழம்பில் சேருமாம். கொடுக்கை அம்மிக் குழவியால் ஒரே ஒரு தட்டு, உடையக் கூடாது, விரிசல் விட வேண்டும், அப்போதுதான் மசாலா உள்ளே இறங்கும். மிளகு, சோம்பு, பூண்டு, சின்ன வெங்காயம், தேங்காய். எல்லாம் அம்மியில். மண்சட்டி, சவுக்கு விறகு. கொதி வந்ததும் முருங்கைக்கீரை ஒரு கை. மிக்ஸி இருந்தது, அதைத் தொடவே இல்லை. "மிக்ஸியில அரைச்சா மிளகு சுட்டுப்போவும்" என்றார். இப்படி ஒரு சமையலுக்கு எந்த ஓட்டலிலும் பெயர்ப்பலகை கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிங்க இறாலை அடுக்கி வைத்திருக்கும் எந்த இடத்தையும் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வராது.

இந்தப் பக்கம் இடைக்கழிநாடு. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த ஊர்க்காரர். வள்ளல் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணர்களுக்கு வழியில் எங்கே என்ன கிடைக்கும் என்று அதில் சொல்லிக்கொண்டே போவார். எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கருவாடு. ஆமூரில் வெள்ளைச் சோற்றோடு நண்டு. எயிற்பட்டினம் என்பது இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதில் வேலூர் என்றும் ஒரு ஊர் வரும். நம் வேலூர் இல்லை, இந்தப் பக்கத்து உப்புவேலூர். சித்தப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். நண்டுக் குழம்பை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டதும் சமாதானமாகிவிட்டார்.

மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். புதுச்சேரியில் நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வண்டி நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆகும். கடலூரில் அறை எடுத்தோம்.

ஞாயிறு: கடலூர், பரங்கிப்பேட்டை

விடியற்காலை முதுநகர் துறைமுகம். விசைப்படகுகள் வந்து நின்றதும் கூடைகள் இறங்குகின்றன, ஏலம் ஆரம்பிக்கிறது. பேச்சு அதிகம் இல்லை, ஏலம் விடுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போக, வாங்குகிறவர்கள் தலையசைப்பில் முடித்துவிடுகிறார்கள். கூடை எடுக்கும் பெண்கள் வேகம். ஐஸ் லாரி ஒன்றில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன, வஞ்சிரமும் சங்கராவும். காரப்பொடி இங்கேயே நின்றுவிட்டது.

தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை. ஆங்கிலேயர் இதைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து 1690இல் வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை அவர்களுக்கு என்று ஒப்பந்தம். சுட்டார்கள், குண்டு விழுந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். அந்த லாலிதான் இரண்டே வருஷத்தில் வந்தவாசியில் தோற்றார். கடற்கரையில் மாசி மகத்துக்கான ஏற்பாடு தொடங்கியிருந்தது, சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் அன்றைக்கு இங்கே தீர்த்தவாரிக்கு வரும்.

பரங்கிப்பேட்டைக்குப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளாறு கடலில் சேருகிற இடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இங்கேதான். 1781 ஜூலை 1ஆம் தேதி இந்த ஊர்ப் பக்கத்தில்தான் ஹைதர் அலியை அயர் கூட் தோற்கடித்தார். வந்தவாசியில் ஜெயித்த அதே கூட். அவர் படைக்கு அரிசி தரைவழியாக வர வழியில்லை, சுற்றுவட்டாரம் முழுக்க ஹைதரின் குதிரைப்படை. கப்பல் கொண்டுவந்தால்தான் சோறு. அதனால்தான் கடலை விட்டு நகராமல் கரையோரமாகவே அலைந்தார். அதே நேரத்தில் வேலூர்க் கோட்டையும் ஹைதரின் முற்றுகையில் பசியோடு கிடந்தது. செப்டம்பரில் சோளிங்கர்ப் போரிலும் ஜெயித்த பிறகுதான் கூட்டால் வேலூருக்குத் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. பரங்கிப்பேட்டையில் அன்றைக்கு முடிவு வேறு மாதிரி இருந்திருந்தால் வேலூர்க் கோட்டையில் யார் கொடி பறந்திருக்கும் என்று சித்தப்பாவும் நானும் டீக்கடையில் அரை மணி நேரம் வாதாடினோம். ஹைதர் ஜெயித்திருக்க வேண்டும் என்பது சித்தப்பா கட்சி. நானும் அதுதான், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

டீயோடு இறால் வாடா. அரிசி மாவில் வெங்காயம் சேர்த்துத் தட்டி, நடுவில் இறாலைப் பதித்துப் பொரிப்பது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. கடற்கரை முஸ்லிம் வீடுகளின் பலகாரம். சூடாகச் சாப்பிட வேண்டும், பார்சல் வாங்காதீர்கள்.

திரும்பும் வழியில் கடலூரில் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். எந்த ஊர் என்று கேட்ட பாட்டி, "வேலூரா? உங்க ஊருல முள்ளு கத்திரிக்கா கெடைக்குமே, அதைப் போட்டு வையி" என்றார். இலவம்பாடி கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது. பாட்டிக்கு அது குறியீட்டுக்கு முன்பிருந்தே தெரியும். பண்ருட்டி, திருவண்ணாமலை, போளூர் வழியாக ராத்திரி பத்தரைக்கு வீடு.

போக நினைக்கிறவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது துறைமுகத்தில் ஏலம் பார்க்க முடியாது, ஆனால் சின்னப் படகுகள் கொண்டுவரும் மீன் குப்பங்களில் கிடைக்கும். ஆலம்பறையில் காலையிலேயே போய்ச் சொல்லி வைத்தால்தான் மதியச் சாப்பாடு. கோட்டைக்குள் நிழல் இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். நண்டு வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிக் கிளம்புங்கள்.